தேவசகாயத்தின் ஏழு துணிகள்

பயப்படுவதற்குச் சம்பளம் தருகிற வேலை உலகத்தில் அதிகம் கிடையாது. புதுப்பட்டினத்துத் தேவசகாயத்துக்கு அப்படியொன்று கிடைத்து முப்பது வருடமாகிறது. அழுத்தம் காட்டும் மீட்டர்களைச் சரிபார்ப்பது அவர் தொழில். கோழிக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் ஒற்றை ஷட்டர் பட்டறை. அரிசி ஆலை பாய்லரின் மீட்டர், பஞ்சர் கடையின் காற்று மீட்டர், ஆஸ்பத்திரி ஆக்ஸிஜன் சிலிண்டரின் மீட்டர் எல்லாம் அங்கே வந்து வரிசையில் படுத்திருக்கும். தன்னிடமிருக்கும் மாஸ்டர் மீட்டரோடு ஒவ்வொன்றையும் ஒரே குழாயில் மாட்டுவார். காற்றை ஏற்றுவார். இரண்டு முள்ளும் ஒரே எண்ணைக் காட்டினால் பச்சை ஸ்டிக்கர், காட்டாவிட்டால் சிவப்பு. கீழே கையெழுத்து. வெடித்தால் அந்தக் கையெழுத்தைத்தான் முதலில் தேடி வருவார்கள் என்று அவருக்குத் தெரியும். இதுவரை எதுவும் வெடிக்கவில்லை. அது அவர் பயத்தைக் குறைக்கவுமில்லை.

முப்பது வருடம் முள்ளையே பார்த்த மனிதருக்கு உலகம் வேறு மாதிரி தெரிய ஆரம்பித்துவிடுகிறது. மற்றவர்கள் பஸ்ஸில் ஏறி ஜன்னல் சீட் தேடுவார்கள். தேவசகாயம் டிரைவருக்குப் பின்னால் போய் நின்று டாஷ்போர்டைப் பார்ப்பார். எந்த முள்ளும் அசையவில்லை என்றால் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடுவார். நம் ஊர் பஸ்களை அறிந்தவர்கள், அவர் எவ்வளவு நடந்திருப்பார் என்று யூகித்துக்கொள்ளலாம். கேளம்பாக்கத்தில் மகன் ஜோஷ்வா குடியிருக்கும் ஒன்பதாவது மாடிக்குப் படியேறித்தான் போவார். லிஃப்டில் மீட்டரே வைக்கவில்லையே என்பது அவர் கேள்வி. ஒன்பதாவது மாடியிலும் பால்கனிப் பக்கம் போகமாட்டார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. பட்டறையில் சேர்ந்த முதல் வருடம், ஒரு கம்ப்ரஸருக்குள் கை துடைத்த துணியை மறந்து வைத்து மூடிவிட்டார். முதலாளி விட்ட அறையில் இடது காதில் மூன்று நாள் கடல் சத்தம் கேட்டது. அன்றிலிருந்து அவரிடம் பனியன் துணியில் வெட்டிய ஏழே ஏழு துண்டுகள். ஒவ்வொன்றிலும் அழியாத மையில் ஒன்று முதல் ஏழு வரை எண். வேலையைத் தொடங்குமுன் எண்ணுவார், முடித்ததும் எண்ணுவார். ஏழும் தகர டப்பாவுக்குள் போனால்தான் எந்த இயந்திரத்தையும் மூடுவார். துணி நைந்துபோனால் அதே எண்ணில் வாரிசு வரும்.

இப்படிப்பட்ட மனிதர் எதற்காக ஒரு பழைய டிராக்டரைக் கட்டிக்கொண்டு அழுகிறார் என்று ஊரில் கேட்பார்கள். அவருடைய பதில் சின்னது: "எங்கப்பன் கயுவுன வண்டி."

மாமல்லபுரத்தில் கோயில் தெருவிலிருக்கும் உப்பிலி சாரின் தாத்தா அறுபதுகளில் வாங்கிய வண்டி அது. வெளிநாட்டுச் சரக்கு, இரண்டு சிலிண்டர். செய்து அனுப்பிய நாடு இன்று உலகப் படத்தில் இல்லை, இரண்டாகப் பிரிந்துவிட்டது. வண்டிக்கு அந்தத் தகவல் இன்னும் போய்ச் சேரவில்லை. தேவசகாயத்தின் அப்பா இருபத்திரண்டு வருடம் அதைத் தினமும் கழுவினார். ஒரு நாளும் அதன் சீட்டில் உட்காரவில்லை. உட்காரக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிறகு நிலம் மனையாகி, மனை ரிசார்ட்டாகி, வண்டி கொட்டகையில் ஓணான்களின் குடித்தனமாகிக் கிடந்தபோது, பழைய இரும்புக்காரன் கேட்ட விலைக்கே நான் எடுத்துக்கொள்கிறேன் என்று தேவசகாயம் போய் நின்றார். உப்பிலி சார் வண்டியைக் கொடுத்தார். வண்டியோடு வந்த புத்தகத்தைக் கொடுக்கவில்லை.

"புஸ்தகம் எங்காத்துலயே இருக்கட்டும்பா. உனக்கு எப்போ எது வேணுமோ போன் பண்ணு, வாசிச்சுச் சொல்றேன்" என்றார்.

முப்பத்தைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்தியவர் உப்பிலி சார். வாசித்துச் சொல்வதில் அவருக்குப் பிரியம் அதிகம். முழுதாக வாசிப்பதில் அவ்வளவு இல்லை.

வண்டியின் பிழைப்பு வயலில் இல்லை, கடற்கரையில். பக்கத்துக் குப்பத்தில் நாற்பத்து மூன்று ஃபைபர் போட்டுகள். கரைக்கு வந்ததும் அவற்றைக் கயிற்றில் கட்டி அலைக்கு எட்டாத மேட்டுக்கு இழுத்து வைக்க வேண்டும். முன்பெல்லாம் இருபது தோள்கள் சேர்ந்து தள்ளும். அந்தத் தோள்கள் இப்போது கேளம்பாக்கத்தில் சாப்பாட்டுப் பையை மாட்டிக்கொண்டு பைக்கில் பறக்கின்றன. அதனால் டிராக்டர்.

போன தை மாதம் ஆராயியின் போட்டை இழுக்கப் பின்பக்கமாக அலைக்குள் இறங்கியபோதுதான் அது நடந்தது. ஆராயி இரண்டு போட்டுக்குச் சொந்தக்காரி, கரையில் மீன் ஏலம் விடுகிறவர், அந்தக் குப்பத்தில் காற்றுகூட அவரைக் கேட்டுத்தான் திரும்பும். வண்டி ஈர மணலில் புதைந்து, இன்ஜின் இருமி நின்றது. இறங்கி ஓடலாமென்றால் தேவசகாயத்தின் கால் பிரேக் பெடலுக்கும் மிதிபலகைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. முதல் அலை இடுப்புக்கு வந்தது. இரண்டாவது தலைக்கு மேல் போனது. மூன்றாவதும் நான்காவதும் போயின. ஐந்தாவது வருவதற்குள் இரண்டு பேர் நீந்திப் போய்ச் செருப்பை அங்கேயே விட்டுவிட்டு ஆளை மட்டும் உருவி எடுத்தார்கள்.

கரையில் அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த மனைவி பிரிசில்லா நின்றுகொண்டிருந்தார். கையில் டிபன் கேரியர். தலைக்கு மேல் போன அலையை அவர் எண்ணிக்கொண்டிருந்தார். மூன்று. அன்றிலிருந்து வீட்டில் கடல் பார்த்த ஜன்னலை அவர் திறப்பதில்லை.

ஒரு முழுநாள் உப்புத் தண்ணீர் குடித்த இன்ஜினைப் பிரித்துச் சேர்க்கப் பத்து மாதம் ஆனது. கிராங்கையும் பிளாக்கையும் செங்கல்பட்டு லேத்துப் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கடைந்து வந்தார். மற்ற வேலையெல்லாம் வீட்டு முற்றத்தில், தன் கையால். பேரிங்குகளை நான்கு முறை அளந்தார். கார்த்திகை முதல் சனிக்கிழமை அடியில் எண்ணெய்த் தொட்டியை மாட்டி மூடினார். மூடுமுன் எண்ணினார்: ஏழு.

திங்கட்கிழமை மாலை வேலையிலிருந்து வந்து வண்டியைக் கிளப்பினார். எண்ணெய் மீட்டரின் முள் மூன்றில் போய் நின்றது. தேவசகாயம் சிரித்தார் என்று பக்கத்து வீட்டில் சாட்சி உண்டு. பத்து நிமிஷம் ஓடியது. முள் இரண்டுக்கு வந்தது. பிறகு ஒன்று. பிறகு அரை. ஓடிப்போய் நிறுத்தினார்.

எண்ணெய் அழுத்தம் அரைக்குக் கீழே போனால் என்ன ஆகும் என்பது தெரியாதவர்கள் நிம்மதியானவர்கள். சுழலும் இரும்புக்கும் அதைத் தாங்கும் இரும்புக்கும் நடுவில் தலைமுடியைவிட மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றுதான் இருக்கிறது. அழுத்தம் இல்லாவிட்டால் படலம் இல்லை. இரும்பும் இரும்பும் தொடும், சூடேறும், கடைசியில் பிரிக்க முடியாமல் ஒன்றாகிவிடும். கல்யாண வீட்டில் இதை வாழ்த்தாகச் சொல்லலாம். அலைக்குள் பின்பக்கமாக இறங்கிக்கொண்டிருக்கும் வண்டியில் இது நடந்தால், அது போன தையை மறுபடி பார்ப்பது. இந்த முறை செருப்போடு போகிற காரியமாக இருக்காது.

உப்பிலி சாருக்குப் போன் போட்டார்.

"சூடானப்புறம், நிதானமா ஓடறச்சே ஒண்ணுக்குக் கொறையப்படாதுன்னு போட்டிருக்கான்" என்று உப்பிலி சார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். சரிசெய்கிற சத்தம் போனில் கேட்டது. "கொறைஞ்சா உடனே நிறுத்து, காரணம் கண்டுபிடி. எண்ணெய் நீர்த்துப் போயிருக்கலாம். வால்வு ஸ்ப்ரிங் தளர்ந்திருக்கலாம். பேரிங் தேஞ்சிருக்கலாம். அப்புறம் கீழ ஏதோ துப்புரவு சமாச்சாரம். அது உனக்குத் தெரியாததா? விட்டுடறேன்."

"மீட்டர் பொய் சொல்லலாம்னு போட்லயா சார்?"

"அப்படியெல்லாம் போடலை."

தேவசகாயத்துக்கு அதுதான் ஒரே நம்பிக்கையாக இருந்தது. முப்பது வருடத்தில் எத்தனை மீட்டர்கள் பொய் சொல்லிப் பார்த்திருக்கிறார்! செவ்வாய்க்கிழமை பட்டறையிலிருந்து மாஸ்டர் மீட்டரைத் துண்டில் சுற்றி, குழந்தையைப் போல மடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். இன்ஜினில் மாட்டினார். மூன்று. இரண்டு. ஒன்று. அரை. இரண்டு முள்ளும் கைகோத்துக்கொண்டு இறங்கின. சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு யாரும் கிடைக்கவில்லை.

புதன்கிழமை விடுப்பு போட்டார். காலையில் எண்ணெயை இறக்கிவிட்டு இன்னும் கெட்டியான எண்ணெய் ஊற்றினார். பத்து நிமிஷம், அரை. வால்வு ஸ்ப்ரிங்கைக் கழற்றி அடியில் வாஷர் கொடுத்து இறுக்கினார். பத்து நிமிஷம், அரை. மிச்சமிருந்தது பேரிங். அது தேய்ந்திருந்தால் பத்து மாத வேலையும் வீண். முற்றத்தில் குந்தி உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

பிரிசில்லா டீ கொண்டுவந்தார். பிரிசில்லா டெய்லர். முன்னறையில் மிஷின், பக்கத்திலிருக்கும் டவுன்ஷிப் குடும்பங்களின் ஜாக்கெட் பாதி அவர் கைவேலை. டீயை வைத்துவிட்டு உள்ளே போகாமல் நின்றார்.

"அடியில தொறப்பியா?"

"இன்னாத்துக்குக் கேக்குற?"

"சும்மாத்தான்."

மூன்று நாளாக இதையே கேட்டுக்கொண்டிருந்தார். தேவசகாயம் கவனிக்கவில்லை. மீட்டரில் முள் அசைந்தால் பார்க்கிற மனிதருக்கு மனைவி முகம் அசைவது தெரியவில்லை. அதற்கு ஸ்டிக்கர் ஒட்டும் வழக்கமும் இல்லை.

டீ குடித்து முடிக்க இருபது நிமிஷம் ஆனது. கைக்கு வேலை வேண்டுமே என்று மறுபடி வண்டியைக் கிளப்பினார். முள் மூன்றில் போய் நின்றது.

இன்ஜினைத் தொட்டுப் பார்த்தார். கை வைக்க முடியாத சூடு. அப்படியே நின்றுவிட்டார். எண்ணெய் சூட்டில் இளகியதுதான் காரணமென்றால், சூடு இறங்காமல் முள் எப்படி ஏறும்? பேரிங் தேய்ந்திருந்தால், இருபது நிமிஷத்தில் அது எப்படி வளரும்? ஆக்ஸிலேட்டரைக் கூட்டினார். வேகம் கூடினால் அழுத்தம் கூட வேண்டும். இங்கே கூட்டக் கூட்ட முள் இறங்கியது. நிறுத்திவிட்டு இருபது நிமிஷம் காத்திருந்து கிளப்பினார். மறுபடி மூன்று.

அவருக்குப் புரிந்துவிட்டது. இளநீரில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சும்போது வழுக்கை வந்து அடைத்துக்கொள்ளும். வேகமாக உறிஞ்சினால் இன்னும் இறுகும். வாயை எடுத்தால் தானே விழுந்துவிடும். எண்ணெய்த் தொட்டிக்குள் பம்ப் உறிஞ்சுகிற குழாயின் வாயில் ஒரு சல்லடை இருக்கிறது. அந்தச் சல்லடையில் மெத்தென்று ஏதோ போய் ஒட்டுகிறது. வண்டி நின்றால் நழுவி விழுகிறது.

மெத்தென்று ஏதோ என்றால், துணி.

உள்ளே ஓடித் தகர டப்பாவைத் தரையில் கவிழ்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, ஏழு. மறுபடி எண்ணினார். ஏழு. அப்போதுதான் அவருக்கு உண்மையான பயம் வந்தது. ஒன்று குறைந்திருந்தால் தன் தப்பு. தன் தப்பை மனிதன் சமாளித்துக்கொள்வான். கணக்கு சரியாக இருந்து உள்ளே ஒரு துணி கிடந்தால், அதை யார் போட்டது? லேத்துப் பட்டறையா? வேண்டாதவர்களா? செய்வினையா? தேவசகாயம் செய்வினையை நம்புகிறவரில்லை. ஆனால் நம்பாத எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவர்.

"உள்ள துணி கீது, மே!" என்று கத்தினார். "யாரோ துணி போட்டுகீறான்!"

முன்னறையில் தையல் மிஷின் சத்தம் நின்றது. வெகுநேரம் திரும்பத் தொடங்கவில்லை.

துணி என்று தெரிந்து என்ன பயன்? அந்த வண்டியில் எண்ணெய்த் தொட்டிதான் முன் அச்சையும் தாங்குகிறது. அதைக் கழற்ற வேண்டுமென்றால் வண்டியை ஜாக்கியில் தூக்கி முன்பாதியையே பிரிக்க வேண்டும். இரண்டு நாள் வேலை. சனி, ஞாயிறில் நிதானமாகச் செய்யலாம் என்று முடிவெடுத்தார். நிதானமாகச் செய்யலாம் என்று நாம் முடிவெடுக்கும் நாளில்தான் வானிலை அறிக்கை வாசிப்பார்கள்.

வியாழக்கிழமை புயல் எச்சரிக்கையால் பட்டறைக்கு விடுமுறை. காலை பத்து மணிக்கு ஆராயி முற்றத்தில் வந்து நின்றார். வானம் அலுமினியப் பாத்திரம் மாதிரி இருந்தது. தென்னை மட்டைகள் எல்லாம் ஒரே பக்கம் தலை சாய்த்திருந்தன.

"இன்னா அண்ணாத்த, ரேடியோ கேட்டியா இல்லியா? புயல் நேரா நம்ம மேலதான் வந்துகினு கீது. ராவுக்குள்ள அல ரோடு வரிக்கும் வரும்ன்றான். போட்டு நாப்பத்தி மூணும் மேட்டாண்ட போயாவணும். கௌப்பு வண்டிய."

"வண்டி சரியில்ல, ஆராயி."

"பத்து மாசமா பெத்துகினு இருந்தியே, இன்னும் சரியில்லியா?"

"எண்ண பிரஷர் நிக்கல. வேற வண்டி எதுனா பாரேன்."

"பக்கத்துக் குப்பத்து வண்டி அவன் போட்ட இஸ்துகினு கீது. ஜேசிபி எல்லாம் ரிசார்ட்டுக்காரன் மணல் மூட்ட அடுக்கக் கூட்டினு போய்ட்டான். அவன் நீச்சல் கொளத்துக்குள்ள கடல் வந்துடுமாம், அவனுக்கு அந்த பேஜாரு. எனக்குன்னு இருக்கறது இந்த ஓட்ட வண்டியும் நீயுந்தான்."

தேவசகாயம் மீட்டரைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். வானத்தில் மீட்டர் இல்லை.

"பத்து நிமிசம் இஸ்தா, இருவது நிமிசம் நிறுத்தணும். நிறுத்துனா உள்ள கீறது நழுவி வுயும். மறுபடி பத்து நிமிசம்."

"பத்து நிமிசத்துல எத்தினி போட்டு?"

"ரெண்டு."

ஆராயி விரலை மடக்கினார். பள்ளிக்கூடம் போகாதவர், ஏலத்தில் எதிராளி வாயைத் திறக்குமுன் கணக்கை முடிப்பவர். "அப்பிடின்னா கடசி போட்டு ஏற ராத்திரி ஒம்போது மணி ஆவும். அல ஆறு மணிக்கே வந்துரும். ஒம்போது மணில நீ போட்ட இஸ்ப்பியா, பொணத்த இஸ்ப்பியா?"

"முள்ளப் பாத்துகினே இஸ்க்கறேன். அரைக்கு வந்தா நிறுத்திக்கிறேன். முடிஞ்சா அரைக்கும் கீழ கொஞ்சம் தள்ளி நிறுத்திக்கிறேன்."

கொஞ்சம் தள்ளி. அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததை அவராலேயே நம்ப முடியவில்லை. பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவில் முப்பது வருடமாக ஒரு கோடுகூட அனுமதிக்காத மனிதர் சொல்கிற வார்த்தையா அது? நாற்பத்து மூன்று வீட்டு அடுப்பை நினைத்துச் சொல்லிவிட்டார். சொன்ன கையோடு ஏறி, அப்பா உட்காராத சீட்டில் உட்கார்ந்தார்.

வாசற்படியிலிருந்து பிரிசில்லா இறங்கி வந்து வண்டிக்கு முன்னால் நின்றார். கழுத்தில் டேப் தொங்கியது.

"போவாத."

"நவுரு மே, நேரமாவுது."

"துணி யாரு போட்டதுன்னு கேட்டியே. நான்தான் போட்டேன்."

ஆராயி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

பிரிசில்லா நடந்ததைச் சொன்னார். சபையில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் பெண்கள் கைக்குட்டைகளைக் கொண்டுபோய் வைப்பார்கள். பாஸ்டர் அவற்றின்மேல் கைவைத்து ஜெபித்துத் திருப்பிக் கொடுப்பார். காய்ச்சல் குழந்தையின் தலையணைக்கு அடியில், பரீட்சை எழுதுகிறவன் சட்டைப் பையில், விசாவுக்குப் போகிற ஃபைலுக்குள் அவை போகும். பிரிசில்லாவும் தானே ஓரம் தைத்த ஒன்றை அப்படி ஜெபித்து வாங்கிவந்தார். புருஷன் சட்டைப் பையில் வைத்தால் எடுத்துப் பார்ப்பார், மீட்டர் இல்லாத பொருள் என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். அதனால் அந்தச் சனிக்கிழமை, ஏழு துணியையும் எண்ணி முடித்துக் கை கழுவக் கொல்லைப்பக்கம் போன இரண்டு நிமிஷத்தில், கைக்குட்டையை நாலாக மடித்து எண்ணெய்த் தொட்டிக்குள் ஓரமாக வைத்துவிட்டார். திரும்பி வந்த தேவசகாயம் தொட்டியைத் தூக்கி மாட்டினார். எண்ணியாயிற்றே, உள்ளே எதற்குப் பார்க்க வேண்டும்?

"திங்கக்கெயமயே சொல்றதுக்கு இன்னா கேடு உனக்கு?" என்றார் தேவசகாயம்.

"சொன்னா வெளிய எடுப்ப. எடுத்துட்டு கடலுக்குப் போவ." பிரிசில்லாவின் கை டேப்பை முறுக்கிக்கொண்டிருந்தது. "உள்ள இருந்தா வண்டி நிக்கும்ன்ற. வெளிய எடுத்தா உன்னிய யாரு காப்பாத்துவா? மூணு நாளா எனக்குச் சோறு எறங்கல. எத்தச் சொல்றது, எத்த மறைக்கறது? மூணு அல உன் தலைக்கு மேல போச்சு. எண்ணிகினு நின்னவ நானு."

ஆராயி தொண்டையைக் கனைத்தார்.

"ஏம்மே, நானும்தான் பயந்துகினு கீறேன். இவன் வண்டி மூஞ்சில எலுமிச்சம்பயம் கட்டினது யாரு? நானு. எங்க கட்டினேன்? வெளிய கட்டினேன்! கட்றத வெளிய கட்டணும்மே. வவுத்துக்குள்ள போயா வெப்பாங்க?"

பிரிசில்லா அழுதுகொண்டே சிரித்துவிட்டார். தேவசகாயம் சிரிக்கவில்லை. போனை எடுத்து உப்பிலி சாரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், சல்லடைல துணி அடச்சிகினு கீது. முன்பாதியப் பிரிக்காம எடுக்க வயி எதுனா போட்டுகீறானா? பாருங்க சார். எல்லா வரியும் படிங்க."

பக்கங்கள் புரண்டன. கண்ணாடி சரிசெய்யப்பட்டது. "இரு... இரு. இடது பக்கம், டீசல் பம்புக்குக் கீழ முட்டை மாதிரி ஒரு தகடு இருக்கும். எட்டு நட்டு. அதைக் கழட்டினா, தொட்டியை இறக்காமலே சல்லடையை வெளியே எடுத்து அலம்பலாம்னு போட்டிருக்கான்."

"இது எந்தப் பக்கத்துல சார் கீது?"

போனில் கண்ணாடியைக் கழற்றும் சத்தம். "அன்னிக்கு வாசிச்ச அதே பக்கம்தான். துப்புரவு சமாச்சாரம்னு சொன்னேனே. உனக்குத் தெரியாததான்னு..."

தேவசகாயம் போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியின் இடது பக்கம் போய்க் குனிந்தார். முட்டைத் தகடு இருந்தது. வேறு மாடலுக்காக விட்ட ஓட்டை என்று நினைத்து, அவரே இரண்டு கை பெயின்ட் அடித்து மறைத்திருந்தார். பெயின்டைச் சுரண்டினார். எட்டு நட்டுகள்.

முக்கால் மணி நேரம் ஆனது. ஒரு நட்டு வழுக்கியது. அதைக் கழற்றும் வரை மூன்று பேரும் மூச்சு விடவில்லை. தகடு வந்தது. சல்லடை வந்தது. அதன்மேல் கரிய தோல் போலப் போர்த்திக்கொண்டு கைக்குட்டை. தேவசகாயம் அதை உரித்து வெளிச்சத்தில் பிடித்தார். நாலு ஓரமும் பல்லுப் பல்லாக மிஷினில் தைத்திருந்தது. ஒரு நூல் பிரியவில்லை. ஒரே ஒரு நூல் பிரிந்து சல்லடைக்குள் நுழைந்திருந்தால் பம்பின் பல்லில் சுற்றியிருக்கும். பிறகு இந்த மீட்டருக்கு வேலையே இருந்திருக்காது.

"ஓரம் நல்லா தச்சிகீற" என்றார். முப்பது வருடக் கல்யாணத்தில் அவர் மனைவியின் தையலுக்குக் கொடுத்த முதல் பச்சை ஸ்டிக்கர் அது.

"இப்ப வெளிய வந்திடுச்சு. இன்னா பண்ணப்போற?" என்று கேட்டார் பிரிசில்லா. கண் கடல் பக்கம் போகாமல் இருந்தது.

தேவசகாயம் துணியைப் பிழிந்தார். எண்ணெய் சொட்டியது. அதை அப்படியே சட்டைப் பையில், போனுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். வெள்ளைச் சட்டையில் கறை மெதுவாகப் பரவியது.

"போன தபா நான் முள்ளையும் பாக்கல, அலையும் பாக்கல. இன்னிக்கு முள்ள நான் பாக்குறேன். அலைய நீ பாரு. பெருசா வந்தா காட்டு, நான் வுட்டுட்டு மேல வந்துர்றேன்."

"நானா? கடலையா?"

"உன்ன வுட்டா எவன் ஒயுங்கா எண்ணுவான்?"

பிரிசில்லா உள்ளே போய், தைக்கக் கொடுத்திருந்த துணிகளிலிருந்து ரத்தச் சிவப்பில் ஒரு ஜாக்கெட் பிட்டை எடுத்துக்கொண்டு வந்தார். யாருடைய கல்யாணத்துக்கோ வந்தது. பத்து மாதத்துக்குப் பிறகு கடலைப் பார்க்க நடந்தார்.

பன்னிரண்டு மணிக்கு முதல் போட் ஏறியது. பத்து நிமிஷம் ஓடியது. முள் இரண்டரையில் நின்றது. இருபது நிமிஷம். இரண்டேகால். யாரும் கை தட்டவில்லை. கை எல்லாம் கயிற்றில் இருந்தது. தேவசகாயம் கடலைப் பார்க்கவேயில்லை. பின்சக்கரம் நுரையைத் தொடும் ஒவ்வொரு முறையும் அவர் முதுகுத்தண்டில் ஓர் ஈரம் ஏறியது. அது அலையா வியர்வையா என்று திரும்பிப் பார்க்கத் துணியவில்லை. சிவப்புத் துணி எழும்போதெல்லாம் கயிற்றை விட்டு மேட்டுக்கு ஓடிவந்தார். மணி இரண்டுக்குள் எட்டு முறை எழுந்தது. அதில் ஐந்து சாதாரண அலை. பிரிசில்லா ரிஸ்க் எடுக்கவில்லை.

"உன் பொண்டாட்டி கொசுவுக்கும் கொடி காட்றா!" என்று ஆராயி கத்தினார். "இப்பிடிப் போனா புயல் வந்து டீ குடிச்சிட்டுப் போய்டும்!"

முப்பத்தோராவது போட்டில் முள் ஒன்றரைக்கு இறங்கியது. தேவசகாயம் இழுப்பதை நிறுத்தினார். கயிற்றில் நின்ற அத்தனை பேரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். வேகத்தைக் கூட்டிப் பார்த்தார். முள் ஏறியது. அடைப்பு இல்லை, வெறும் சூடு. புத்தகக் கணக்குப்படி ஒன்றுக்கு மேலே இருக்கிற வரை பச்சை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார்.

நாலு மணிக்கு மிச்சமிருந்தது ஒன்று. ஆராயியின் போட். போன தையில் நின்ற அதே இடம், அதே போட். காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. தேவசகாயம் பின்னால் போனார். கொக்கியை மாட்டினார்கள். முள் ஒன்றே முக்கால். கிளட்சை விடுகிற நேரத்தில் சிவப்புத் துணி எழுந்தது.

அவர் அதைப் பார்க்கவில்லை. முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரிசில்லா கத்திக்கொண்டே அலையை நோக்கி ஓடினார். கடலிலிருந்து ஓடிவர வேண்டிய பெண் கடலுக்குள் ஓடுவதைக் கண்ணின் ஓரத்தில் பார்த்துத்தான் தேவசகாயம் நிமிர்ந்தார். கொக்கியைக் கழற்ற நேரமில்லை. ஆக்ஸிலேட்டரைக் கடைசி வரை இழுத்தார். அலை போட்டைத் தூக்கி, பின்சக்கரத்தை மூடி, மிதிபலகை வரை வந்து அவர் காலை நனைத்தது. இரண்டு சிலிண்டரும் அலறின. வண்டி நிற்கவில்லை. அலை தூக்கிக் கொடுத்த போட்டை இழுத்துக்கொண்டே மேட்டில் ஏறியது. பிரிசில்லா இடுப்பு நனைந்து நின்றார். ஆராயி அவர் கூந்தலைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டு வந்தார்.

மேட்டில் வண்டியை நிறுத்திய பிறகும் தேவசகாயத்தின் கை ஸ்டியரிங்கை விடவில்லை. விரல் விரலாக எடுக்க வேண்டியிருந்தது.

"ஒண்ணு" என்றார் பிரிசில்லா, மூச்சு வாங்கிக்கொண்டு. "ஒரே ஒரு அலதான். அதுவும் காலு வரிக்கும்தான்."

அன்று இரவு அந்தக் குப்பத்தில் யாரும் தூங்கவில்லை. விடிந்ததும் வெயில் அடித்தது. புயல் வடக்கே திரும்பி ஆந்திராப் பக்கம் போய்விட்டதாக ரேடியோ சொன்னது. நாற்பத்து மூன்று போட்டுகளும் ரோட்டோரம் வரிசையாக, ஸ்கூல் பஸ்ஸுக்குக் காத்திருப்பவை போல நின்றன.

ஏழு மணிக்கு ஆராயி மறுபடி முற்றத்துக்கு வந்தார். "நாப்பத்தி மூணையும் மேல ஏத்தி வெச்சிட்ட. இப்ப யாரு எறக்கறது? கடல்ல மீனு கொட்டிக் கெடக்குதாம். கௌம்பு."

தேவசகாயம் தரையில் உட்கார்ந்து தகர டப்பாவைத் திறந்திருந்தார். ஒன்று முதல் ஏழு வரை வரிசையாக வைத்தார். பிறகு துவைத்தும் கருமை போகாத ஒரு கைக்குட்டையை எடுத்து, பேனாவால் ஓரத்தில் 8 என்று எழுதி, ஊதிக் காயவைத்தார். பிரிசில்லா அதைப் பார்த்தார். கையில் சிவப்புத் துணி தயாராக இருந்தது. கல்யாண வீட்டுக்காரிக்கு வேறு பிட் வாங்கிக் கொடுத்துக்கொள்ளலாம்.

"இன்னா எண்ணிகினு கீற?" என்றார் ஆராயி.

"துணி."

"எத்தினி?"

"எட்டு." மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். "இரு, இன்னொரு தபா பாத்துக்கறேன்."